பலகை கட்டிய பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கச்சிகளே,

போன வாரம் பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் நீங்கள் கட்டியிருந்த பலகையைப் பார்த்தேன். "தண்ணீர் இல்லை, ஓட்டும் இல்லை. வருகிற தேர்தலைப் புறக்கணிக்கிறோம். இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்." தமிழிலும் மலையாளத்திலும் சிவப்பு எழுத்தில் எழுதி, பஸ் ஸ்டாப் புளியமரத்தில் கட்டியிருந்தீர்கள். வண்டியை நிறுத்தி இரண்டு தடவை படித்தேன். திரும்பி வரும்போது உங்களில் ஒருவன் எதிரே வந்தான். அங்கன்வாடிக்குப் போக மாட்டேன் என்று அழுது புரண்ட நாளிலிருந்து அவனை எனக்குத் தெரியும். "அக்கா, ஜனநாயகம்னு சொல்லிச் சொல்லியே நம்மளை ஏமாத்திட்டாங்க. பத்து வருஷத்துக்கு ஓட்டே வேண்டாம். கண்டிப்பான ஆள் ஒருத்தர் வந்து உட்கார்ந்தா எல்லாம் தானா நடக்கும்" என்றான்.

அந்த இடத்தில் அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அவனுக்கு மட்டுமல்லாமல் அந்தப் பலகைக்குக் கயிறு பிடித்த எல்லோருக்கும்.

உங்களில் பாதிப் பேருக்கு நான் யாரென்று தெரியும். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று கேரளம் சட்டம் கொண்டுவந்த பிறகு நடந்த முதல் தேர்தல், 2010இல். நம் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுய உதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னார்கள். 43 ஓட்டில் ஜெயித்தேன். ஐந்து வருஷம் மெம்பராக இருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் நல்லது கொஞ்சம் செய்தேன், தப்பும் செய்தேன். அந்தத் தப்பைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் கோபம் நியாயமானது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவின் இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பூமி. பாலக்காட்டில் குடை பிடிக்கிற நாளில் வடகரப்பதியிலும் எருத்தேன்பதியிலும் புழுதி பறக்கும். 2016இல் பதினான்கு மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்ததே, அந்த வருஷம் தென்னையின் குருத்து காய்ந்து தலை சாய்ந்ததை நீங்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்த்திருப்பீர்கள். நமக்குத் தண்ணீர் மேற்கிலிருந்து வருவதில்லை. ஆழியாற்றிலிருந்து வருகிறது. 1970இல் இரண்டு மாநிலமும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோரத்து மணக்கடவில் அளந்து வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் புழை என்கிற நம் ஆற்றுக்கு விட வேண்டும். மதகைத் திறக்கிறவர்கள் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தம் 1958 நவம்பரிலிருந்தே நடப்புக்கு வந்ததாகக் கணக்கு, அதனால் 1988இலேயே பார்த்திருக்க வேண்டியது அது.

என் தங்கையைப் பொள்ளாச்சிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் அதே திட்டத்தின் அந்தப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயி. பொங்கலுக்குப் போனால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "எங்க வாய்க்காலே பாதி நாள் காஞ்சு கெடக்குது, உங்களுக்கு எப்படி விடறது மச்சினிச்சி?" என்பார். அவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய எம்.எல்.ஏ. கேரளாவுக்கு விடக் கூடாது என்றுதான் பேசுவார். நம் எம்.எல்.ஏ. விடு என்றுதான் பேசுவார். இரண்டு பேரும் தங்கள் ஜனங்களுக்கு உண்மையாகவே நடந்துகொள்கிறார்கள். ஆனால் நம் ஓட்டு மணக்கடவைத் தாண்டிப் போகாது, நமக்கு வர வேண்டிய தண்ணீர் மணக்கடவைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜனநாயகத்தில் நான் நேராகக் கண்ட ஒரு குறை இது. எல்லைக்கோடு போட்டு, அதற்குள் தலையை எண்ணுகிறது. ஆறு கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. எல்லையில் குடியிருக்கிற நமக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை.

ஆனால் இதே குறை, கண்டிப்பான ஆள் வந்தால் தீருமா? அவர் எந்தப் பக்கத்து ஆளாக இருப்பார்? மதகு யார் கையிலோ இருக்கும், கேட்பதற்கு நமக்கு வாயும் இருக்காது. இப்போது கேட்கவாவது முடிகிறது. தண்ணீர் குறைந்தால் விவசாயிகள் ரோட்டில் உட்காருகிறார்கள், எம்.எல்.ஏ. வருகிறார், மந்திரி அளவில் கடிதம் போகிறது, சில சமயம் இரண்டு நாளிலோ இரண்டு வாரத்திலோ மதகு கொஞ்சம் தூக்கப்படுகிறது. போதாதுதான். போதாது என்று கத்த முடிகிறதே, அதைக் கையிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

கண்டிப்பு என்ற சொல்லை நீங்கள் லேசாகச் சொல்கிறீர்கள். உங்கள் அப்பாக்களைக் கேளுங்கள், 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை இருந்தது. ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் ஆள் இருந்தார்கள் என்று அவர்களில் சிலர் இன்றைக்கும் சொல்வார்கள். அதே காலத்தில்தான், 1976 மார்ச் 1ஆம் தேதி, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. உங்கள் வயதுப் பையன். கக்கயம் போலீஸ் முகாமில் என்ன நடந்தது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவருடைய அப்பா ஈச்சர வாரியர் ஏறாத படியில்லை, கொடுக்காத மனு இல்லை. கோர்ட்டுக்கும் போக முடியாது. நெருக்கடி நிலை இருக்கும்வரை ஆட்கொணர்வு மனுவுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரலில் சொல்லிவிட்டது. நெருக்கடி நிலை நீங்கிய பிறகுதான் அந்த அப்பாவால் கேரள உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடிந்தது. உடனே அரசு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நெருக்கடிக் காலத்தில் உள்துறை மந்திரியாக இருந்து, அப்போதுதான் முதலமைச்சராகியிருந்த கே. கருணாகரன் ஒரு மாதத்தில் பதவி விலகினார். பையன் திரும்பி வரவில்லை. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அந்த 1977 தேர்தலில் வட இந்தியா முழுக்க ஆட்சியைத் தூக்கி எறிந்தபோது, கேரளத்து ஜனங்கள் நெருக்கடிக் காலத்தில் ஆண்ட அதே கூட்டணியை 140இல் 111 இடம் கொடுத்து மறுபடி உட்கார வைத்தார்கள். ஓட்டு எப்போதும் நியாயத்தின் பக்கமே விழும் என்று நான் சொல்லவில்லை. விழாது. ஜெயித்தவர்களாலும் அந்த ஒற்றை அப்பாவுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியவில்லை என்பதைத்தான் சொல்கிறேன். எண்ணிக்கையில் தோற்ற ஒருவருக்கும் ஒரு கதவு திறந்திருந்தது. அது அடைபட்டிருந்த காலத்தில் அவர் மகன் எங்கே என்று கேட்க வழியே இருக்கவில்லை.

தொலைவில் போவானேன், நம் தாலுக்காவிலேயே பிளாச்சிமடை இருக்கிறது. கம்பாலத்தறை ஏரிப் பக்கம் போகும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள், இப்போது பூட்டிக் கிடக்கிற பெரிய மதில். 2000இல் அந்தக் கோகோ கோலா குளிர்பான ஆலைக்கு லைசென்ஸ் கொடுத்தது யார்? பெருமாட்டி பஞ்சாயத்து. வேலை வரும், வரி வரும் என்று ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களே கையெழுத்துப் போட்டார்கள். ரொம்ப நாள் ஆகவில்லை, சுற்றியிருந்த எரவாளர், மலசர் குடிகளின் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனது. உரம் என்று சொல்லி வயலுக்குக் கொடுத்த கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பது 2003இல் வெளியே வந்தது. 2002 ஏப்ரல் 22ஆம் தேதி ஆலை வாசலில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பழங்குடிப் பெண்கள். மயிலம்மா முன்னால் நின்றார். பள்ளிக்கூடம் பார்க்காதவர், பேசியது நம் பேச்சு போலத்தான் இருக்கும். ஆரம்பத்தில் பெரிய கட்சிகள் தள்ளித்தான் நின்றன. ஓட்டு எண்ணிக்கை என்று பார்த்தால் அந்தக் குடிகள் ஒரு மூலைக்குக் காணாது.

ஆனால் அவர்கள் எழுந்து போகவில்லை. மறு வருஷம் ஏப்ரலில் அதே பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாது என்று தீர்மானம் போட்டது. நிலத்தடி நீர் ஜனங்களுடைய சொத்து, அரசு அதற்குக் காவல் மட்டுமே என்று 2003 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. கையெழுத்துப் போட்ட கையே அதை அழித்தும் எழுதியது என்பதை நான் மெம்பராக இருந்த காலத்தில் பல தடவை நினைத்துக்கொள்வேன். தனி ஒருவர் தப்பான உத்தரவு போட்டால், அதை மாற்றினால் தன் கௌரவம் போய்விடும் என்று நினைப்பார். பஞ்சாயத்துக்கு அடுத்த தேர்தல் இருக்கிறது, வாசலில் பந்தல் இருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதே பிளாச்சிமடையில் இந்த முறையின் பலவீனத்தையும் பாருங்கள். இரண்டு நீதிபதிகள் அமர்வு 2005இல் முந்தைய தீர்ப்பை மாற்றி, நாளுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அரசு போட்ட உயர்மட்டக் குழு 2010இல் சேதத்தை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. நஷ்ட ஈட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 2011 பிப்ரவரியில் கேரளச் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக டெல்லி போன அந்த மசோதா சட்டமாகவே இல்லை. மயிலம்மா 2007இலேயே இறந்துவிட்டார். ஒரு மாநிலத்தின் சட்டசபை முழுவதும் கை தூக்கியும் ஒரு ரூபாய் அந்தக் கிணற்றடிக்கு வந்து சேரவில்லை. தாமதம் என்று இதற்குப் பேர் வைத்தால் போதாது. கீழே இருப்பவர்கள் ஜெயித்தாலும் மேலே மேலே படி வைத்து, ஏதோ ஒரு படியில் நிறுத்திவிட முடிகிறது. இதை நினைத்து எனக்கு உங்களைவிட அதிகமாகவே கோபம் வருகிறது.

இனி என் தப்பைச் சொல்கிறேன்.

2012இல் நம் வார்டுக்கு ஒரு குழாய் லைன் நீட்டப் பணம் வந்தது. ஒரே ஒரு லைனுக்குத்தான் வரும். உங்கள் தெருவில் எழுபது வீடு. மேற்கே ஓடைக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது வீடு. அந்த இடத்தை அப்போது காலனி என்போம். 2024இல் அந்தச் சொல்லையே இனி எழுதக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. ஆகவே நானும் இங்கே பத்தொன்பது வீடு என்றே எழுதுகிறேன். உங்கள் தெருவில் போர்வெல் இருந்தது, தண்ணீர் உப்பு. அவர்களுக்கு அதுவும் கிடையாது, ரோட்டுக் குழாய்க்கு நடக்க வேண்டும். கிராம சபையைப் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டினேன். சனிக்கிழமை பகல் பதினொரு மணி. தலைவருக்கு அந்த நேரம்தான் ஒழியும் என்றார்கள், நானும் சரி என்றேன். அந்த நேரத்தில் அந்தப் பத்தொன்பது வீட்டு ஜனங்கள் தேங்காய் மண்டியிலும் நூறு நாள் வேலையிலும் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. கை தூக்கச் சொன்னேன். உங்கள் தெருவுக்கு 94 கை, அவர்களுக்கு 11. மினிட்ஸ் புத்தகத்தில் "பெரும்பான்மை முடிவு" என்று என் கையால் எழுதினேன். வந்திருந்தவர் எண்ணிக்கை சட்டப்படியான பத்து சதவீதத்துக்குக் குறைந்ததால், மீதிக் கையெழுத்துக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்ததும் நான்தான்.

அந்தக் கூட்டத்துக்கு வந்த பதினொரு பேரில் ஒரு பாட்டி இருந்தார். எல்லோரும் எழுந்து போன பிறகு என்னிடம் வந்து கேட்டார்: "எண்ணிப் பாத்துத்தான் தண்ணி குடுப்பீங்கன்னா, எங்களுக்கு எந்தக் காலத்துல வரும் அம்மிணி?"

சத்தம் போடவில்லை, அழவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். எனக்குத் தலை தூக்க முடியவில்லை. நம் கிளப் சுவரில் ஒரு தட்டி மாட்டியிருக்கிறீர்களே, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை முறை இருந்தது என்று. உண்மை. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும் வெட்டியது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் சொந்தக்காரரும் மறுபடி குடத்தில் பேர் போட முடியாது என்ற விதி அதில் இருக்கிறது. இன்றைக்கும் நமக்கு அந்த விதி வேண்டும். ஆனால் அந்தக் குடத்தில் யார் பேர் விழுந்தது? கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ள ஆண்கள் பேர். அந்தப் பாட்டியின் பேர் அதில் விழாது. உங்கள் பேரும் விழாது, என் பேரும் விழாது. பெருமைப்படுங்கள். யார் பேர் விழவில்லை என்பதையும் அதே தட்டியில் எழுதி வையுங்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் கிட்டத்தட்ட 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். பெரும்பாலும் வடக்கே. இன்னாரின் பெண்டாட்டி, இன்னாரின் அம்மா என்று சொன்னார்களே தவிர சொந்தப் பேரைச் சொல்லவில்லை. சொந்தப் பேர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. அடுத்த தேர்தலுக்குள் பேர் சொல்லப் பழகினார்கள். பேரைச் சொல்ல வைப்பதே இந்த முறை செய்த பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும்.

அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் பேசும்போது, நம் மண் அடிப்படையில் ஜனநாயகத்துக்குப் பழகாத மண், அதன் மேல் தூவிய மேல்மண்தான் ஜனநாயகம் என்ற பொருளில் சொன்னார். கிராமத்தை நல்லது என்று கும்பிடுகிறவர்களையும் அதே பேச்சில் கண்டித்தார். மெம்பராவதற்கு முன்பு படித்திருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு படித்தபோது, பள்ளிக்கூட வராந்தாவில் எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னது போல இருந்தது.

பாட்டியின் கேள்விக்கு என்ன பதில் என்று நான் தேடினேன். பஞ்சாயத்து ஓவர்சியர் ஒருவர்தான் வழி காட்டினார். பட்டியல் சாதி மக்களுக்கென்று திட்ட நிதியில் தனியாக ஒதுக்குகிற பணம் இருக்கிறது, அதை வேறு எதற்கும் எடுக்க முடியாது, அதற்குக் கை தூக்கி எழுபது வீட்டை ஜெயிக்க வேண்டியதில்லை என்றார். இது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணிக்கை தோற்கடிக்கும் என்று தெரிந்தே, சில விஷயங்களை எண்ணிக்கைக்கு வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். 2014இல் அந்தப் பத்தொன்பது வீட்டுக்கும் குழாய் போனது. இரண்டு வருஷம் தாமதம். அந்த இரண்டு வருஷம் குடத்தோடு நடந்தவர்களுக்கு நான் கடன்பட்டவள்.

இந்த விஷயம் நமக்கும் சேர்ந்ததுதான். ஒரு தடவை நம் வார்டு ரோட்டுக்காக ஒரு அரசு ஆபீசில் தமிழில் மனுக் கொடுத்தேன். "மலையாளத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் அதே மனுவின் மேலே ஒரு வரி சேர்த்து எடுத்துப் போனேன்: 1969ஆம் வருஷத்து கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழில் எழுத எனக்கு உரிமை உண்டு, பதிலும் தமிழிலேயே தர வேண்டும். வாங்கிக்கொண்டார்கள். தமிழில் குறையை எழுதிக் கொடுக்கலாம் என்பதை அரசியல் சாசனத்தின் 350ஆவது பிரிவும் சொல்கிறது. 140 பேர் உட்காரும் சட்டசபையில் தமிழுக்காகக் கை தூக்க எத்தனை பேர் இருப்பார்கள்? எண்ணினால் நாம் தோற்போம். 1956 நவம்பரில் மாநிலம் பிரிந்தபோது கன்னியாகுமரியின் நாலு தாலுக்கா அந்தப் பக்கம் போனது, தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் இந்தப் பக்கம் நின்றன. அன்றிலிருந்து நாம் எண்ணிக்கையில் சின்னவர்கள். நம்மைக் காப்பது எண்ணிக்கைக்கு வெளியே எழுதி வைத்த அந்த நாலு வரிதான்.

திருவனந்தபுரத்தில் நாம் பத்தொன்பது வீடு. நம் வார்டில் நாமே எழுபது வீடு. அங்கே நமக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறோமோ, அதை இங்கே நாம் கொடுத்தோமா? கொடுக்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

இப்போது உங்கள் பலகைக்கு வருகிறேன். "ஊர்ப் பொதுமக்கள்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பத்தொன்பது வீட்டில் எத்தனை பேரைக் கேட்டீர்கள்? நேற்று ஓடையைத் தாண்டிப் போய் நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவரையும் நீங்கள் கேட்கவில்லை. உங்கள் தெருவுக்கு வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வருகிறது, அதுவே போதாது என்று கொதிக்கிறீர்கள். அவர்கள் குழாயில் ஒன்றரை மாதமாக ஒரு சொட்டு இல்லை. அவர்களுக்கு உங்களைவிடக் கோபம் இருக்க வேண்டும், இருக்கிறது. ஆனால் ஓட்டை விட மாட்டோம் என்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். அந்தப் பாட்டி இப்போது இல்லை. அவர் பேத்தி சொன்னாள், நர்சிங் படிக்கிற பிள்ளை: "ஓட்டுக் கேக்கத்தாங்க எங்க வாசப்படி வரைக்கும் ஆள் வர்றாங்க. அதையும் வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் யார் வருவாங்க?"

நீங்கள் புறக்கணித்தால் உங்களுக்கு அவ்வளவு நஷ்டம் இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவில் கட்சி ஆட்கள் இருக்கிறார்கள், மாமா தாலுக்கா ஆபீசில் இருக்கிறார், ஒரு போன் போட்டால் பேச ஆள் உண்டு. கண்டிப்பான ஆள் வந்தாலும் அவரிடம் போகிற வழி உங்களில் சிலருக்குக் கிடைக்கும். ஓட்டைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி அவர்களையும் பூத்துக்குப் போக விடாமல் செய்தால், 2012இல் நான் செய்ததைவிடப் பெரிய தப்பை நீங்கள் செய்வீர்கள். இதைக் கடுமையாகவே சொல்கிறேன் கண்ணுகளா, கோபித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுப் போட்டுவிட்டு ஐந்து வருஷம் வீட்டில் இருங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அப்படி இருந்ததால்தான் இந்த நிலைமை. நம் மாநிலத்தில் கிராம சபை வார்டு வார்டாகக் கூடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கூட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாத மெம்பரின் பதவியே போய்விடும். உங்களில் யாராவது கடைசியாக எப்போது போனீர்கள்? நோட்டு வீட்டுக்கு வந்தபோது கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நான் கொண்டுவந்த நோட்டில் உங்கள் வீட்டுக் கையெழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன். பஞ்சாயத்தில் தண்ணீருக்கு என்ன செலவானது என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முப்பது நாளில் எழுத்தில் பதில் வர வேண்டும். உங்களில் இருபது பேர் பட்டதாரிகள். ஒருவராவது கேட்டதுண்டா?

வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்குப் பேர், என்ன பேச வேண்டும் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், பதினைந்து நாளுக்குள் சிறப்புக் கிராம சபை கூட்ட வேண்டும். நம் வார்டில் ஆயிரத்து முந்நூறு சொச்சம் ஓட்டு. நூற்றைம்பது கையெழுத்து வாங்கிவிட்டால் யாரும் மறுக்க முடியாது. மனுவை எழுதி வைத்திருக்கிறேன், தமிழில். பேச வேண்டிய முதல் விஷயம், ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குழாயில் ஏன் ஒன்றரை மாதமாகத் தண்ணீர் இல்லை. இரண்டாவது, உங்கள் தெருவின் வாரம் இரண்டு நாள். வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள், மாற்ற மாட்டேன். கூட்டம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், எல்லோரும் வேலை முடிந்து வந்த பிறகு வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

இதுவரை முப்பத்தியொரு கையெழுத்து ஆகியிருக்கிறது, எல்லாம் அந்தப் பத்தொன்பது வீட்டிலிருந்து. மீதிக்கு உங்கள் தெருவைத்தான் நம்பியிருக்கிறேன். நோட்டைத் தூக்கிக்கொண்டு இந்தத் தடவை நான் வீடு வீடாக வர மாட்டேன். என் வீட்டுத் திண்ணையில் வைத்திருக்கிறேன். காலையில் பால் சொசைட்டியிலிருந்து ஏழரைக்கு வந்துவிடுவேன், சாயங்காலம் இருட்டும்வரை தோட்டத்தில் இருப்பேன், கூப்பிட்டால் கேட்கும். வரும்போது வாக்காளர் அட்டையை எடுத்து வாருங்கள், எண் எழுத வேண்டும்.

உங்கள் அக்கா,
முன்னாள் வார்டு மெம்பர்